கியூ ஆவணக் காப்பகம்: ஏ-லெவல் வரலாறு படிப்பவர்களுக்கு

வணக்கம். இங்கிலாந்தில் ஏ-லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளி இறுதித் தேர்வு) வரலாற்றின் 20% மதிப்பெண் சொந்த ஆய்வுக் கட்டுரைக்கு. அதற்காக லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் முதலில் வீட்டிலிருந்தே 'டிஸ்கவரி' இணையப் பட்டியலில் தேடிக் கோப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெயரைப் போட்டுத் தேடவேண்டும். உதாரணமாக, இலங்கை பற்றிய 1972க்கு முந்தைய கோப்புகளில் 'சிலோன்' என்றே இருக்கும். 'ஸ்ரீலங்கா' என்று தேடினால் பெரும்பாலானவை சிக்காது. பிரிட்டிஷ் காலனிகளை நிர்வகித்த காலனி அலுவலகத்தின் (Colonial Office) இலங்கைக் கடிதங்கள் 'சிஓ 54' (CO 54) வரிசையில் உள்ளன, அருமையான புதையல்!

மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை தேவை, இலவசம்தான். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டுமே. கைபேசியில் படமெடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. ஒவ்வொரு கோப்புக்கும் முதல் படம் கோப்பு எண்ணாக இருக்கட்டும். இதை விட்டுவிட்டால் அடிக்குறிப்பு எழுதும்போது எந்தப் படம் எந்தக் கோப்பு என்றே தெரியாது.