அந்த ஒரு மார்க்

அன்புள்ள மாலதி,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிட்டுப் படி. அம்மாவுக்கு முட்டி தேவலை, மாடிப்படி ஏறுகிறாள். எலும்புக்கூடு ரவியைப் பார்த்தேன், இன்னும் அதே சட்டை! வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன வாரம் எங்கள் பெண்கள் அணிக்கு ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்கிரீன் வைத்தோம், உடம்பு எப்படி அசைகிறது என்று பார்த்து மார்க் போடுவோமே, அதுதான். இருபது பேர். நானும் புதிதாகச் சேர்ந்த பிசியோவும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் மார்க் போட்டோம். ஏழு சோதனை, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3, மொத்தம் 21. கூட்டிப் பார்த்தால் இரண்டு பேர் கூட்டுத்தொகையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. பரவாயில்லையே என்று இருந்தது எனக்கு.

அப்புறம்தான் சோதனை சோதனையாகப் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு இருவருமே 15. ஆனால் குந்தி எழும் ஸ்குவாட்டுக்கு நான் 3, பிசியோ 2. கம்பைத் தாண்டும் சோதனைக்கு நான் 1, அவள் 2. கூட்டினால் சமமாகிவிடுகிறது. என் தாளை நம்பினால் இடுப்புக்கு ஒரு பயிற்சி கொடுப்பேன், அவள் தாளை நம்பினால் கணுக்காலுக்கு.

ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்கும் லஞ்ச் சோதனை இன்னும் மோசம். இருவரும் பதினெட்டு பேருக்கு 2, இரண்டு பேருக்கு 3 போட்டிருக்கிறோம். ஆனால் நான் 3 போட்ட இருவர் வேறு, அவள் போட்ட இருவர் வேறு. இருபதில் பதினாறு ஒத்துப்போகிறது, 80 சதவீதம். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்கிற கணக்கு, கோஹன் 1960-இல் கொடுத்த கப்பா, அதைப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு பேருக்கு 2, இரண்டு பேருக்கு 3 என்று இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே சராசரியாக 82 சதவீதம் ஒத்துப்போகும். ஆக எங்கள் கப்பா சைபருக்கும் கீழே, -0.11. முக்கால்வாசிப் பேருக்கு ஒரே மார்க் விழுந்தால் கப்பா இப்படித்தான் இறங்கும், தெரியும். ஆனாலும் பிரித்துக் காட்ட வேண்டிய அந்த நாலு பேரில் ஒருவரிடம்கூட நாங்கள் ஒத்துப்போகவில்லையே மாலதி.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ஸ்குவாட்டில் அந்தப் பெண் முதல் இரண்டு முறை சுத்தமாக இறங்குகிறாள். மூன்றாவது முறை வலது குதிகால் ஒரு தாள் நுழைகிற அளவு தூக்குகிறது. மூன்றில் சிறந்ததை எடுக்க வேண்டும் என்பது விதி. புதியவள் கடைசியை எடுத்திருக்கிறாள். சரி, அது அவள் தவறு. ஆனால் கம்பைத் தாண்டும்போது நான் பக்கவாட்டிலேயே நின்றுவிட்டேன். கால் கம்பில் இடித்தது போலத் தோன்றி 1 போட்டேன். முன்னால் நின்றவளுக்கு இடைவெளி தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அது என் தவறு. இருபது வருட அனுபவம் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

இத்தனை பதற்றம் ஏன் என்றால், இன்னொரு பெண் இருக்கிறாள். என் கணக்கில் 15, புதியவள் கணக்கில் 14. கோச் எங்கேயோ 14 என்று கேள்விப்பட்டிருக்கிறார். 14-ம் அதற்குக் கீழும் என்றால் அடிபடுமாம், உட்கார வை என்கிறார். அந்த எல்லை 2007-இல் 46 தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களை ஒரு சீசன் பார்த்துவிட்டுச் சொன்னது. அதை வைத்துக் காயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று பிறகு எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அதைக் கொண்டுவந்து பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் வைக்கலாமா? அதுவும் நாங்கள் இருவர் ஒத்துப்போகாத ஒரு மார்க்கை வைத்து? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மூட்டுக் கோணம் அளக்கும் கோனியோமீட்டரில் நான் எடுத்த அளவை மூன்று முறை அழித்து எழுதினவள் நீ, உன் கண்ணை நம்புகிறேன். இருபது பேரின் வீடியோவும் அனுப்புகிறேன், முன்பக்கம், பக்கவாட்டு இரண்டும். ஒரு தடவை மார்க் போடு. பத்து நாள் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் இன்னொரு தடவை போடு. நீ உன்னோடே ஒத்துப்போகிறாயா என்பதும் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் குறைந்த மார்க், அது ஒன்றுதான் நிபந்தனை. இரண்டு தாளையும் போட்டோ எடுத்து அனுப்பு. நடுவில் போன் செய்து என்னிடம் எதுவும் கேட்காதே. கோச் உட்கார வைக்கச் சொன்ன அந்தப் பெண் எத்தனையாவது வீடியோ என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
கலா