சொல்லிக்கொள்ளாமல் வந்தவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் வணங்கி எழுதுவது. நான் இங்கு நலம். அங்கு நீங்கள், அப்பா, அத்தை, தம்பி, பாப்பா அனைவரின் நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. பயிற்சிக்காலம், நேரமில்லை என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில், பாப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்தான் ஒவ்வொரு ஞாயிறும் தாளை எடுத்து மறுபடி மூடி வைத்தேன்.

குளிர் எப்படி என்று அப்பா கேட்டிருந்தார். எனக்கு உறைப்பதைவிட, நான் பயிற்சி பெறும் பகல்நேரக் காப்பகத்துக் குழந்தைகளுக்கு உடுத்திவிடும்போதுதான் அதன் கடுமை புரிகிறது. வெளியே விளையாடப் போகுமுன் ஒவ்வொருவருக்கும் தடித்த கால்சட்டை, மேலங்கி, குல்லாய், கையுறை, பூட்ஸ் என்று அத்தனையும் ஏற வேண்டும். முதல் வாரம் எட்டுக் குழந்தைகளுக்கும் நானே மளமளவென்று மாட்டிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். மேற்பார்வை ஆசிரியை, "எட்டுப் பேரும் தயார். ஆனால் இன்று ஒருவரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லையே" என்றார். பிறகு அவர் ஒரு மேலங்கியை உட்புறம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, அதன் கழுத்துப் பக்கம் ஒரு பெண் குழந்தையை நிற்க வைத்தார். அவள் குனிந்து இரு கைகளையும் அங்கியின் கைகளுக்குள் நுழைத்து, தலைக்கு மேலாக ஒரு வீசு வீசினாள். அங்கி தானாக முதுகில் வந்து விழுந்தது. ஜிப்பை மாட்டத்தான் வெகுநேரம் பிடித்தது. உதவப் பறந்த என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா, இந்தப் படிப்பில் எனக்கு மிகக் கடினமான பாடம் அதுதான்.

இன்னொன்று குறிப்பேடு. கண்ணால் கண்டதை மட்டுமே அதில் எழுத வேண்டும். ஒரு பையனைப் "பிடிவாதக்காரன்" என்று எழுதியிருந்தேன்; ஆசிரியை அந்தச் சொல்லை அடித்துவிட்டார். அவன் செய்ததை அப்படியே எழுதிப் பார்த்தபோது, "சிவப்புக் கட்டையை இருமுறை எறிந்தான்; ஒவ்வொரு முறையும் கதவைத் திரும்பிப் பார்த்தான்" என்று வந்தது. பிடிவாதம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை; அவன் தன் தாயை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னும் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அதிகாலையில் அவர் தம் வாசலில் பனியை அள்ளுவார். நான் என் வாசலில் அள்ளுவேன். இரண்டு வயதுக் குழந்தைகள் அருகருகே அமர்ந்து, ஒன்றோடொன்று பேசாமல் தத்தம் விளையாட்டை விளையாடுவதை இணை விளையாட்டு என்கிறார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அம்மையார் 1932-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சென்ற வாரம் இரண்டு நாள் அந்தப் பெரியவர் வெளியே வராதபோது, பனியை அள்ளவே மனம் வரவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பையன் எழுத்தெல்லாம் எழுதுகிறான், பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்தும் 'அ' வரவில்லை, டியூஷனில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதினால் கை வலிக்கிறது என்று அவள் அழுவதை அத்தை சோம்பல் என்கிறார்களாம். எங்களுக்கு வகுப்பில் ஒரு சிறு குழந்தையின் கை எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்கள். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பாப்பாவின் வயதில் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது. விரல்களின் சிறு தசைகளும் இன்னும் பழகவில்லை. ஆகவே இப்போதைக்குப் பென்சில் வேண்டாம். மாவு பிசையட்டும், மணி கோக்கட்டும், மணலில் கிறுக்கட்டும், தன் பித்தானைத் தானே போடட்டும். இதெல்லாம் என் சொந்தச் சரக்கு அல்ல. 1907-இல் ரோமில் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மாண்டிசோரி அம்மையார் கையையும் விரலையும் பழக்கிய பிறகே எழுத்துக்கு வந்தார். அவர் 1939-இல் நம் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அடையாற்றில் சொன்ன பாடத்தைப் படிக்க நான் கடல் கடந்து வந்திருக்கிறேன் என்று தம்பி கேலி செய்வான், செய்யட்டும்.

அம்மா, எழுதத் தயங்கியது இனிமேல்தான் இருக்கிறது. காலையில் குழந்தையை விட்டுச் செல்லும் தாய்மாரிடம், அது வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிப் போகாதீர்கள், அழுதாலும் பரவாயில்லை, எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்று நாங்கள் சொல்கிறோம். சொல்லிவிட்டுப் போனால் குழந்தை அழுது ஓய்ந்து விளையாடப் போய்விடும். சொல்லாமல் போனால் நாள் முழுதும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். இதை நான் ஒரு தாயிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, பாதியில் எனக்குக் குரல் எழவில்லை. அன்றிரவு பாப்பா தூங்கிய பிறகு கார் ஏறியவள்தானே நான். எழுப்பினால் அழுவாள் என்று நாம் எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். உங்கள் மேல் குறையில்லை. ஆனால் நீங்கள் நடுவறைக் கதவைச் சாத்தினால் அவள் எழுந்து வந்து திறக்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்லவில்லை.

"அம்மா இதோ வந்துவிடுவாள்" என்று இனி அவளிடம் சொல்ல வேண்டாம். பள்ளி விடுமுறை தொடங்கும்போது வருவேன் என்று சொல்லுங்கள். ஞாயிறு தொலைபேசியில் பேசி முடித்ததும், நான் "போய் வருகிறேன்" என்று சொன்ன பிறகே இணைப்பைத் துண்டியுங்கள், அவள் அழுதாலும்.

இந்த மாதப் பணம் சற்றுக் குறைவாக இருக்கும். பயிற்சிக்காக மாலை வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்; அப்பா கவலைப்பட வேண்டாம். தம்பியின் தேர்வுக் கட்டணத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதுகிறேன்.

பாப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும். அவள் பாதத்தை ஒரு தாளில் வைத்து, சுற்றிக் கோடு வரைந்து அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். பென்சில் வேண்டாம் என்று மேலே எழுதியதை இதற்கு மட்டும் தளர்த்திக்கொள்ளலாம்; அவளே வரையட்டும். கோடு கோணலானாலும் அளவை நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

அன்பு மகள்