குடிய விட்டதுக்கு இல்ல, அதுக்கு பிறகு கூட இருந்ததுக்கு

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்கு போற ஆளு நான், பேரு வேண்டாம், ஊர்ல உள்ளவங்களுக்கு தெரியும். குடிய விட்டு நேத்தோட அஞ்சு மாசம். பாக்குறவங்க எல்லாம் "மக்கா முகம் தெளிஞ்சிருக்கே"ங்கறாங்க, சந்தோஷம்தான், ஆனா விட்ட பிறகு வந்துச்சு பாருங்க ஒரு பயம், அதுல கூட நின்னவங்களுக்குத்தான் இத எழுதுறேன்.

முதல்ல எனக்க மைனிக்கு. போன வருஷம் வீம்புக்கு வீட்ல வச்சே நிறுத்தி ரெண்டாம் நாளு பிட்ஸ் வந்து அடுக்களைல விழுந்தேன், அத பாத்தது மைனிதான். அதனால இந்த தடவ "ஆஸ்பத்திரில வச்சு நிறுத்துனா நிறுத்து, இல்லேன்னா பேசாம கெட"ன்னு ஒரே போடு. கோவம்தான் வந்துச்சு. ஆனா டாக்டரும் அதையேதான் சொன்னாரு, வருஷக்கணக்கா தினமும் குடிச்சவன் டக்குனு நிறுத்துனா முதல் ரெண்டு நாளைக்குள்ள பிட்ஸ் வரலாம், மூணாம் நாள் பக்கம் சிலருக்கு புத்தி தடுமாறி இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்கு தெரியும், உயிரே போகலாம்னு.

வார்டுல இருந்த நர்ஸ் தங்கச்சிக்கு. நடுராத்திரியும் வந்து "அண்ணா கைய நீட்டுங்க, இன்னைக்கு என்ன கிழமை, இது எந்த இடம்"னு கேட்டுட்டே இருந்தீங்க. நான் நக்கலுக்கு "கலெக்டர் ஆபீஸ்"னேன், நீங்க சிரிக்காம அப்படியே எழுதிட்டீங்க. காலைல கட்டன் சாயாவ ரெண்டு கையால பிடிச்சும் பாதி சட்டைல. இருட்டுல நெத்தி லைட்ட வச்சு பட்டைய ஒரே கனத்துல சீவுற கை அது, அப்படி ஆடுறத பாத்து அழுதுட்டேன். குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி அந்த பி1 வைட்டமின் ஊசிய மறக்காம போட்டதுக்கும் நன்றி, அது எதுக்குன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

டாக்டருக்கு. "சாராயம் மூளைய அமுக்கிட்டே இருந்துச்சு, அத சமாளிக்க மூளை ஆக்சிலேட்டர முறுக்கியே பழகிடுச்சு, இப்ப அமுக்குற கைய எடுத்ததும் வண்டி சீறுது, அதான் இந்த படபடப்பு, நீ கோழை இல்ல"ன்னீங்க. அந்த ஒரு வார்த்தைக்கே கும்பிடணும். படபடப்ப அடக்க தந்த லிப்ரியம் மாத்திரையும் நாளுக்கு நாள் கொறச்சு பத்து நாள்ல நிறுத்திட்டீங்க, நான் இன்னும் கேட்டு கெஞ்சுனேன், இதுவும் பழகிரும்னு தரல. (நம்ம ஆளுங்க மெடிக்கல்ல சும்மா வாங்கி போடுறது இதேதான், போடாதீங்க.)

மூணாவது வாரம்தான் மோசம். எல்லாரும் சரியாயிட்டேன்னு நெனச்சாங்க, எனக்கு ஒண்ணுலயும் ருசி இல்ல, கிழங்கும் மீன்கறியும் வச்சா கூட மண்ணு மாதிரி. பலருக்கு குடிய விட்டு மூணு நாலு வாரத்துல சோர்வு தானா வெளுக்கும், பாப்போம்னாரு டாக்டர். எனக்கு வெளுக்கல. "சாகணும்னு தோணுதா"ன்னு நேரா கேட்டாரு, ஆமான்னேன். எஸ்சிட்டலோபிராம்னு மனச்சோர்வு மாத்திரை எழுதி தந்தாரு, முதல் நாலஞ்சு நாள் வயித்த பெரட்டுச்சு, மாத்திரை தொடங்கி மூணாவது வாரத்துலதான் ஒரு நாள் காலைல பசிச்சுது. அதுவரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு 14416ங்கற மனநல உதவி நம்பருக்கு அடிச்சு போன எனக்க காதுல வச்சு தந்தது வீட்டுக்காரிதான். அங்க பேசுன பொண்ணுக்கும் நன்றி, உங்க பேரு கூட கேக்கல.

கடைசியா அண்ணனுக்கு. டாக்டர்கிட்ட நான் ஆமான்னு சொன்ன அன்னைக்கு சாயங்காலமே, ஷீட் அடிக்கிற ஷெட்டுல ரப்பர் பால உறைய வைக்க கெடந்த ஆசிட் கேன ஸ்கூட்டர்ல வச்சு உங்க வீட்டுக்கு கொண்டு போனீங்க, ஏன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லல. அது அங்கேயே இருக்கட்டும் அண்ணா. ஷீட் அடிக்கிற அன்னைக்கு நானே வந்து அளந்து வாங்கிக்கிறேன்.