ட்ரோன் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தை அளக்கவும் காக்கவும் ட்ரோன்களைப் பயன்படுத்துவது குறித்த செய்திகள் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கருவியை வியப்பதோடு நின்றுவிடுகின்றன. அது எடுத்த படம் எங்கே சேமிக்கப்படுகிறது, அதை யார் பார்க்கலாம், அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நில உரிமையைப் பொறுத்தவரை அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

கருவியின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களில் சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளி, தரையில் பக்கத்துக்கு 10 மீட்டர் உள்ள சதுரத்தைக் குறிக்கிறது. லேண்ட்சாட் படத்தில் அது 30 மீட்டர். ஒரு குடிசையும் அதையொட்டிய தோட்டமும், மரம் வெட்ட வந்தவர்கள் போட்ட குறுகிய தடமும் அந்தப் புள்ளிக்குள்ளேயே மறைந்துவிடும். போதாக்குறைக்கு, மழைக்காடுகளின் மேல் ஆண்டின் பெரும்பகுதி மேகம் கவிந்திருக்கும். மேகத்துக்குக் கீழே தாழப் பறக்கும் ட்ரோனோ சில சென்டிமீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கிறது. ஒன்றோடொன்று பெருமளவு மேற்பொருந்துமாறு எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஓபன்ட்ரோன்மேப் போன்ற இலவச மென்பொருளால் இணைத்தால், நீளமும் பரப்பும் அளக்கத்தக்க ஒரே வரைபடம் கிடைத்துவிடுகிறது. தென் அமெரிக்காவில், கயானா நாட்டின் தென்பகுதியில் வாழும் வபிசான் மக்கள் 2014-ஆம் ஆண்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் துணையுடன் உதிரிப் பாகங்களைச் சேர்த்து நிலைத்த இறக்கை கொண்ட ட்ரோன் ஒன்றைத் தாங்களே உருவாக்கினார்கள். கடையில் விற்கும் ட்ரோனை விட அது பார்வைக்கு எளியதாக இருந்திருக்கலாம். ஆனால் தானே கட்டியவனுக்கு அது விழுந்து உடைந்தாலும் திருத்தத் தெரியும்.

எக்குவடோர் நாட்டின் சினாங்கோயே கிராமத்துக் கோஃபான் மக்களின் அனுபவம் இன்னும் விரிவாகச் சொல்லத்தக்கது. 2017-இல் அவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு காவல் குழுவை அமைத்து, காட்டுக்குள் முறைவைத்து ரோந்து செல்லத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டில் அகுவாரிகோ ஆற்றின் மேற்பகுதியில் தங்கம் எடுக்கும் இயந்திரங்கள் இறங்கியிருப்பதைக் கண்டார்கள். தானியங்கிக் கேமராக்களாலும் ஜிபிஎஸ் குறிப்புகளாலும் ட்ரோன் படங்களாலும் அதை நாள்வாரியாகப் பதிவுசெய்தார்கள். தங்களிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்காமல், அந்தப் பகுதியில் 52 சுரங்க உரிமங்களை அரசு வழங்கியிருந்ததும் வழங்கவிருந்ததும் பின்னர்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. 2018-இல் மாகாண நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்றது. 2022-இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமும் பழங்குடி மக்களிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டிய அரசின் கடமையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. வெற்றியை ட்ரோனின் கணக்கில் எழுதுவது எளிது. ஆனால் எந்த வளைவில் எந்த மாதத்தில் ஆறு கலங்கத் தொடங்கியது என்பதை நடந்து திரிந்தவர்கள் முன்பே அறிந்திருந்ததால்தான் கேமராவை எங்கே திருப்ப வேண்டும் என்பது தெரிந்தது.

அடர்ந்த காட்டின் மேல் பறக்கும் ட்ரோனுக்கு மர உச்சிகள் மட்டுமே தெரியும். அவற்றின் அடியில் ஓடும் வேட்டைத்தடமும், மூதாதையரைப் புதைத்த இடமும், மருந்துச் செடி வளரும் ஈரப்பள்ளமும் அதற்குத் தெரிவதில்லை. அவற்றை வரைபடத்தில் சேர்க்க முதியவர்களோடு நடந்து, ஒவ்வோர் ஓடைக்கும் மேட்டுக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுவதைத் தவிர வேறு வழி கிடையாது. எக்குவடோரின் எண்ணெய் வயல் வரைபடங்கள் வொராணி மக்களின் காட்டை எண்ணிட்ட கட்டங்களாகக் காட்டின. ஏறத்தாழ ஆளில்லாத இடம் போல. அம்மக்களோ இணைய வசதியின்றி இயங்கும் மாப்பியோ என்ற செயலியைக் கொண்டு ஊர் ஊராகத் தங்கள் நிலத்தின் விவரங்களைக் குறித்து, அது வாழிடம் என்பதைத் தங்கள் வரைபடத்தில் காட்டினார்கள். அங்கே எண்ணெய் எடுக்கும் திட்டத்துக்கு எதிரான வழக்கில் 2019 ஏப்ரலில் அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1997-இல் டெல்கமூக் வழக்கில், வாய்மொழி வரலாற்றையும் நில உரிமைக்கான சான்றாக ஏற்க வேண்டும் என்று கூறியது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், வானிலிருந்து எடுத்த படத்துக்கு அம்மக்களின் பேச்சும் நினைவும்தான் பொருள் தருகின்றன என்பது தெரியும்.

அந்த நினைவைப் படமாக்கிக் கணினியில் ஏற்றும்போதுதான் என் கவலை தொடங்குகிறது. மெக்சிகோவின் ஒவாகாகா மாநிலத்தில் 2006 முதல் அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர் சபோட்டெக் ஊர்களில் மக்கள் பங்கேற்புடன் நில வரைபடங்கள் தயாரித்தார்கள். அப்பணிக்கு அமெரிக்க ராணுவத்தின் வெளிநாட்டு ராணுவ ஆய்வு அலுவலகம் நிதி தந்தது தங்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை என்று 2009-இல் அங்கிருந்து குற்றச்சாட்டு எழுந்தது. ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஊரின் வயலும் ஊற்றும் பாதையும் அதற்குள் காகிதத்தில் ஏறிவிட்டிருந்தன. வாங்கிய நிலத்தைக் கூடத் திருப்பித் தரலாம், வெளியே போன வரைபடத்தைத் திரும்பப் பெற முடியாது. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் உள்ள ஊரு-எவ்-வாவ்-வாவ் பகுதியில் வெளியுலகத் தொடர்பை விரும்பாத குழுக்களும் வாழ்கின்றன. அந்தக் காட்டின் மேல் ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே பறக்கக் கூடாது என்பது அம்மக்களின் உயிரைத் தொட்ட விஷயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு ஊர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து பயன்படுத்திய காட்டின் நடுவே வரைபடம் ஒரு கோட்டைப் போடும்படி கேட்கிறது. அந்தக் கோடு இல்லாமலேயே சமாதானமாக இருந்தவர்கள் அது வந்த பிறகு வழக்காடத் தொடங்கலாம். இதைப் பயிற்சி தர வருபவர்கள் முதல் நாளிலேயே பேசியாக வேண்டும்.

கோடு சரியாக விழுந்தாலும் அரசு அசையாவிட்டால் பயன் சிறிது. ஊரு-எவ்-வாவ்-வாவ் நிலத்தின் எல்லையை பிரேசில் அரசு 1991-லேயே அங்கீகரித்துவிட்டது, ஆக்கிரமிப்பு நிற்கவில்லை. 2019-இன் இறுதியில் அங்குள்ள இளைஞர்கள் ட்ரோன் இயக்கப் பயிற்சி பெற்றது வரைபடம் இல்லாததால் அல்ல. எல்லை காகிதத்தில் இருந்தும் காவல் இல்லாததால். நிகரகுவாவின் ஆவாஸ் டிங்னி மக்களின் நிலத்தை அளந்து பட்டா கொடுக்குமாறு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2001-இல் ஆணையிட்டது. பட்டா கைக்கு வந்தது 2008-இல். ஒரு தீர்ப்பை நிறைவேற்ற ஏழு ஆண்டுகள் பிடிக்கும் இடத்தில், நேற்றுப் பிற்பகல் எடுத்த ட்ரோன் படத்தின் வேகத்தைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை.

எனவே இத்தகைய திட்டங்களுக்கு நிதி தரும் அமைப்புகளும் பயிற்சி தரும் தொண்டு நிறுவனங்களும் ட்ரோனைக் கையில் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியவை சில உண்டு. மூலப் படங்கள் அந்த ஊரில், அந்த ஊரின் கணினியில் இருக்க வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு படத்துக்கும் ஊர்க்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். பொதுவெளிக்குச் செல்லும் வரைபடத்திலிருந்து எதை நீக்குவது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். பழங்குடித் தரவுகள் மீது அம்மக்களுக்கே கட்டுப்பாடு வேண்டும் என்பதை 2019-இல் வகுக்கப்பட்ட கேர் நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன, 2007-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனமும் அவர்களது முன்கூட்டிய, சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதலை வலியுறுத்துகிறது. ட்ரோன் பறக்க அனுமதி தரும் அரசுத் துறைகள், தன் நிலத்தின் மேல் தானே பறக்கவிடும் சமூகத்தைச் சுரங்க நிறுவனத்தை நடத்துவது போல நடத்தக் கூடாது. அந்த ஒப்பந்தமும் அம்மக்கள் பேசும் மொழியில் எழுதப்பட்டு, கையெழுத்துக்கு முன் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். எழுத்துப் பழக்கம் இல்லாத முதியவர்தான் அந்த வரைபடத்தின் பாதிப் பெயர்களைச் சொல்லியிருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்