பழைய துணிகளுக்கு மாநகராட்சி ஒரு கடை திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களில் பழைய துணிகளும் பழங்காலப் பொருள்களும் விற்கும் கடைகளை இளைஞர்கள் தேடிச் செல்வதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். லண்டன், பாரிஸ், பெங்களூரு என்று ஊர் ஊராக விவரித்த அக்கட்டுரை, இதை ஒரு புதிய நாகரிகமாக மட்டுமே கண்டது. நான் கடலூரில் பல ஆண்டுகளாகத் தையல் கற்பித்து வருகிறேன். பழைய துணியைப் பிரிப்பதும் அளவு மாற்றுவதும் ஒட்டுப்போடுவதும் எங்களுக்கு அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் ஊருக்கும் அத்தகைய கடை வேண்டும், அது இலவசமாகக் கொடுக்கும் இடமாக இல்லாமல், விலை எழுதி விற்கும் கடையாகவே இருக்க வேண்டும்.

இலவசமாகவே கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்குக் கடலூர்க் கடற்கரை மக்கள் பதில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி இங்கே வந்து இறங்கியது. அனுப்பியவர்களின் நல்ல மனத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாடா அறுந்த பாவாடையும் பொத்தான் இல்லாத சட்டையும் நம் வெயிலுக்குச் சற்றும் ஒவ்வாத கம்பளிச் சட்டையும் ஒன்றாகக் கலந்து வந்த மூட்டைகள், சாலையோரங்களில் அவிழ்த்துக் கொட்டப்பட்டு, நனைந்து, நாறி, கடைசியில் குப்பையோடு குப்பையாக அள்ளப்பட்டன. மீனவக் குடும்பத்துப் பெண்கள் பலர் அவற்றைத் தொடவே மறுத்தார்கள். அதை வீம்பு என்று ஏசியவர்களும் உண்டு. முந்தின மாதம்தான் சொந்த உழைப்பில் தீபாவளிக்குத் துணி எடுத்து உடுத்தியவர்கள், ஊர் பார்க்கக் குவியலில் குனிந்து பொறுக்க ஏன் உடன்பட வேண்டும்? 2011 தானே புயலின் போதும் 2015 வெள்ளத்தின் போதும் இதே காட்சியைச் சிறிய அளவில் நான் கண்டேன்.

இந்தக் கூச்சத்துக்கு வேர் ஆழமானது. நம் சமூகத்தில் பழைய துணி பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே இறங்கியிருக்கிறது. நிலக்காரர் உடுத்திக் களைந்த வேட்டி பண்ணையாளுக்கும், வீட்டம்மாவின் சாயம்போன புடவை பாத்திரம் தேய்க்க வருபவருக்கும் போயின. வாங்கிக்கொண்டவர் அதைக் கொடுத்தவர் கண்முன்னே உடுத்தி நடக்க வேண்டும். நன்றியோடும் நடக்க வேண்டும். அந்தத் துணியோடு ஒரு தாழ்வும் சேர்ந்தே கைமாறியது. அடுத்தவர் உடுத்தியதை உடுத்தினால் பீடை என்பதெல்லாம் அதன் மேல் பிற்பாடு போர்த்திய காரணமாகவே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் பழையது என்பதற்காகவே நாம் எதையும் ஒதுக்குபவர்கள் அல்லர். பிறந்த குழந்தையை முதன்முதலில் பாட்டியின் பழம்புடவையில்தான் ஏந்துகிறோம். தூளி கட்டுவதும் அதில்தான். அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிறது. பழைய பைக் வாங்கியவர் அதற்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவே பார்க்க ஓட்டிக்கொண்டு வருகிறார்.

புதுச்சேரிக்குப் போனால் இந்த முரண்பாடு கண்கூடாகவே தெரியும். அங்கே பழங்காலப் பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றி வந்த தேக்குக் கதவுகளும் பர்மா தேக்குத் தூண்களும் பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலிகளும் வரிசையாக நிற்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதிக் கடைகளில் கிடைக்கும் ஸ்வீடன் நாட்டு எனாமல் தூக்குச்சட்டிகள், விளிம்பு உதிர்ந்திருந்தால்கூட நல்ல விலைக்குப் போகின்றன. வாங்குபவர்கள் அதை வரவேற்பறையில் வைத்து, இன்ன ஊரில் இன்ன வீட்டுக் கதவு என்று விருந்தினருக்குக் காட்டுகிறார்கள். யாரோ தலைமுறை தலைமுறையாகக் கைவைத்துத் தேய்த்த கதவுக்கு அந்தத் தேய்மானமே மதிப்பாகிறது; யாரோ உடுத்திய நல்ல பருத்திச் சட்டைக்கு அதுவே இழுக்காகிறது. கதவுக்குக் கடை இருக்கிறது, விலைச்சீட்டு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வரும் உரிமை வாங்குபவருக்கு இருக்கிறது. சட்டைக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

தங்கள் கட்டுரையில் விடுபட்ட ஒரு வரலாற்றையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1902இல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், வசதியானவர்களின் வீடுகளில் பழைய துணிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் திரட்டினார். அவர் அவற்றை அப்படியே ஏழைகளிடம் கொடுத்துவிடவில்லை. வேலையில்லாதவர்களை அமர்த்தி, துணிகளைச் சீர்செய்ய வைத்து, விற்று, அதிலிருந்து அவர்களுக்குக் கூலி கொடுத்தார். இன்று உலகறிந்த குட்வில் கடைகள் அப்படித் தொடங்கியவை. இங்கிலாந்தில் 1942இல் பஞ்ச நிவாரணத்துக்காக உருவான ஆக்ஸ்ஃபாம் அமைப்பு, சில ஆண்டுகளிலேயே ஆக்ஸ்ஃபோர்டு நகரின் பிராட் வீதியில் கடை திறந்ததும் இதே நோக்கில்தான்: வந்து குவியும் பொருளை விற்றுப் பணமாக்கி, அந்தப் பணத்தைத் தேவையான இடத்துக்கு அனுப்புவது. இந்தக் கடைகளின் பின்கட்டில்தான் உண்மையான வேலை நடக்கிறது. வருவதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். விற்க முடியாததை அங்கேயே ஒதுக்குகிறார்கள். மற்றவற்றை ஆவிபிடித்துச் சுருக்கம் நீக்கி, அளவு வாரியாகத் தொங்கவிட்டு, விலை எழுதுகிறார்கள். உள்ளே வரும் மாணவருக்கும் ஓய்வூதியருக்கும் பெரிய அதிகாரிக்கும் அதே விலை, அதே கண்ணாடி.

அதற்காக மேலைநாட்டு ஏற்பாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே விற்காமல் மிஞ்சுவது கட்டுக்கட்டாகக் கப்பலேறுகிறது. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் காந்தமாந்தோ என்ற பெரிய பழைய துணிச் சந்தை இருக்கிறது. அங்கும் கழிந்தவை வடிகால் வழியே கடலுக்குப் போய், அலையில் திரும்பிக் கரையில் ஒதுங்குகின்றன. கடற்கரை ஊரில் வாழும் நமக்கு இது எச்சரிக்கை. கம்பளித் துணியில் மட்டும் நம் நாடு ஒரு நல்ல வழியைக் கண்டிருக்கிறது. பல நாடுகளிலிருந்து வரும் கழிந்த கம்பளி ஆடைகளை ஹரியானாவின் பானிபட்டில் நிறம் பிரித்து, நார் நாராகக் கிழித்து, மீண்டும் நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். ஒரு காலத்தில் உலகெங்கும் நிவாரண முகாம்களில் தரப்பட்ட மலிவு விலைக் கம்பளிப் போர்வைகளில் பெரும் பங்கு அங்கிருந்து போனதுதான்.

இனி என் தொழில் சார்ந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு பழைய துணி இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்பதைத் தையல் தெரிந்தவர் கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். சட்டையாக இருந்தால் முதலில் காலரின் மடிப்பைப் பார்ப்போம். அங்கே இழை விட்டிருந்தாலும் கவலையில்லை, காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால் உள்பக்கம் வெளியே வந்து புதிதுபோல் ஆகிவிடும். அக்குள் பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துணி நைந்திருப்பது தெரிந்துவிடும். அது நைந்திருந்தால் அந்தச் சட்டை கடைக்கு ஆகாது, துடைக்கும் துணிக்குத்தான் ஆகும். ரவிக்கையின் உள்ளே தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதைப் பார்ப்போம்; உள்ளூர்த் தையற்காரர் தைத்ததில் இரண்டு பக்கமும் தாராளமாக இருக்கும், பிரித்துவிட்டால் வேறொருவருக்குப் பொருந்தும். ஆயத்த ஆடைகளில் ஓவர்லாக் ஓட்டி விளிம்பையே வெட்டியிருப்பார்கள்; அவற்றைப் பிடிக்கலாமே தவிரப் பெரிதாக்க முடியாது. எலாஸ்டிக் தளர்ந்தது, ஜிப் பல் உதிர்ந்தது, ஓரம் பிரிந்தது இவையெல்லாம் மாற்றிவிடக்கூடிய சில்லறைக் குறைகள். இவ்வளவு சிறிய குறைக்காக எத்தனையோ நல்ல துணிகள் தரை துடைக்கப் போவதைப் பார்க்கும்போது, நெய்தவரின் உழைப்பை நினைத்து எனக்கு வயிறு எரிகிறது.

பட்டுப்புடவைக்கு நேர்வது இதைவிடக் கொடியது. பழைய பட்டு வாங்குபவர்கள் வீதியில் வந்து கேட்பது புடவையை அன்று, சரிகையை மட்டுமே. அசல் சரிகையில் பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் ஏற்றியிருப்பார்கள். அதை எரித்து வெள்ளியை எடுத்துவிட்டால் அவர்களுக்குப் போதும். ஒரு காஞ்சிபுரத்து நெசவாளர் நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து கோத்த கோர்வைக் கரையும் முந்தியும் சில நிமிடங்களில் சாம்பலாகிவிடுகின்றன. அந்தப் புடவையின் உடல் இற்றுப்போயிருந்தாலும், கரையை வெட்டிப் புதிய துணியில் வைத்துத் தைக்கலாம். முந்தியைச் சிறுமிகளுக்குப் பாவாடை சட்டையாக்கலாம். பெருநகரங்களின் கடைகளில் இப்படிச் செய்த ஆடைகள் புதுப்பட்டின் விலைக்கு நிகராக விற்பதை என்னிடம் படித்த பெண்களே பார்த்துவந்து சொல்லியிருக்கிறார்கள்.

புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அங்கே விரும்பிப் போகிறவள்தான். தார்ப்பாய் விரித்து 'எது எடுத்தாலும்' ஒரே விலை என்று கூவி விற்பவர்களிடம் இருப்பது பெரும்பாலும் புதுத்துணியும், ஏற்றுமதியில் ஒதுக்கப்பட்டு முத்திரைப் பட்டி வெட்டப்பட்ட துணியுமே. ஆரோவில்லில் உள்ள ஃப்ரீ ஸ்டோரில் பணமில்லாமலே துணிகள் கைமாறுகின்றன. கொடுப்பவரும் எடுப்பவரும் ஒரே சமூகமாகத் தம்மைக் கருதுவதால் அங்கே அது கூச்சமின்றி நடக்கிறது. நம் ஊர்த் தெருக்களில் அந்தச் சமநிலை இன்னும் வரவில்லை. வரும்வரை, பத்து ரூபாயாக இருந்தாலும் விலை கொடுத்து வாங்குவதுதான் வாங்குபவரைத் தலைநிமிர்ந்து நிற்க வைக்கும்.

2023 மே மாதம் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் நகரங்கள்தோறும் ஆர்.ஆர்.ஆர். (குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்) மையங்கள் என்ற பெயரில், பயன்படுத்திய துணி, புத்தகம், பொம்மை முதலியவற்றைச் சேகரிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படி அமைந்த ஒரு மையத்தில் நான் கண்டது, மூட்டைகள் கட்டியபடியே மூலையில் கிடந்ததைத்தான். கொடுக்க வழி வைத்தவர்கள், பிரிக்க ஆளும் விற்க இடமும் வைக்கவில்லை. ஆழிப்பேரலையின் போது சாலையில் நடந்ததே இப்போது கூரையின் கீழ் நடக்கிறது.

கடலூர் மாநகராட்சி செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அன்று. மாநகராட்சிக்குச் சொந்தமான வணிக வளாகங்களில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையை, முடிந்தால் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டை ஒட்டி, மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்குக் குறைந்த வாடகைக்குத் தரட்டும். துணி சேர்ந்ததும் வெந்நீரிலும் சோப்பிலும் துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே அலமாரிக்கு வர வேண்டும். நோய்த்தொற்று பற்றி அஞ்சுபவர்களுக்கு அதுவே பதில். உள்ளாடைகளை ஏற்கவே கூடாது. ஆளுயரக் கண்ணாடியும் போட்டுப் பார்க்க ஒரு சிறிய அறையும் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் பொருந்தாவிட்டால் வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த அறை இருந்தால்தான் முடியும். கடையிலேயே ஒரு தையல் இயந்திரம் இருந்தால் அளவு பிடிப்பதையும் அங்கேயே முடித்துக் கொடுக்கலாம். அதற்கான கூலி தைப்பவருக்கே போகட்டும். ஜவுளிக் கடைக்காரர்களுக்கு இதனால் இழப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை. தீபாவளிக்கும் திருமணத்துக்கும் நம் மக்கள் எப்போதும் புதுத்துணிதான் எடுப்பார்கள்.

பள்ளிச் சீருடை, நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையனுக்கு ஒரு நல்ல முழுக்கைச் சட்டை, வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்ணுக்கு நாலைந்து பருத்திப் புடவை என்று ஆண்டு முழுவதும் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே இந்தக் கடை தொடங்கிவிட்டால், அடுத்த புயலுக்கு வரும் துணிகளும் சாலையில் கொட்டப்படாமல் நேரே அங்கே போய்ச் சேரும். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாவட்ட நிர்வாகம் கூப்பன் கொடுத்தால், அவர்களும் அலமாரியின் முன் நின்று பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். துணியைத் தரம் பிரிக்கவும் சீர்செய்யவும் குழுவினருக்குக் கற்றுத்தர நானும் என்னிடம் பயின்ற சிலரும் ஊதியம் கேளாமல் ஆயத்தமாக இருக்கிறோம். மாநகராட்சி ஆணையரின் பார்வைக்குச் செல்லும் வகையில் இக்கடிதத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.