அபராதப் பட்டியலைக் குற்றப் பட்டியலாகப் படிக்கலாமா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் இடைக்கால இங்கிலாந்தின் கிராமங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மன்னர்களையும் போர்களையும் விட்டுவிட்டு, பண்ணை நீதிமன்றச் சுருள்களிலிருந்து, அதாவது நிலப்பிரபு தன் பண்ணைக் குடிகளுக்காக நடத்திய நீதிமன்றத்தின் பதிவேடுகளிலிருந்து, குடியானவர் வாழ்க்கையைத் தேடியது நல்ல முயற்சி. ஆனால் ஓர் இடம் இடறுகிறது.

பார்லியில் காய்ச்சும் 'ஏல்' மதுவை விற்ற பெண்கள் ஓயாமல் அபராதம் கட்டியிருக்கிறார்கள். ஆகவே ஊரில் ஏமாற்று மலிந்திருந்தது என்கிறார் கட்டுரையாளர். ஒவ்வொரு அமர்விலும் அதே பெயர்கள், ஏறக்குறைய அதே தொகை. இது தண்டனையா? பல ஊர்களில் காய்ச்சி விற்ற எல்லோரிடமும் இப்படி வசூலித்தார்கள். பெயர்தான் அபராதம், நடைமுறையில் உரிமக் கட்டணம். குற்றத்தைத் தேடிய இடத்தில் அவர் கண்டது பெண்களின் தொழில். அதைத்தான் விரித்து எழுதியிருக்க வேண்டும்.

கட்டுரையில் கொள்ளைநோயைப் பற்றிய பகுதியிலும் இதே சிக்கல். பண்ணை நிலம் வைத்திருந்தவர் இறந்தால் அவருடைய கால்நடைகளில் சிறந்த ஒன்றை நிலப்பிரபு எடுத்துக்கொள்வார். அதனால்தான் அந்தச் சாவு சுருளில் ஏறியது. 1349இல் இத்தகைய பதிவுகள் குவிகின்றன, சரி. ஆனால் நிலமில்லாத கூலிக்காரரும் குழந்தைகளும் செத்தால் எடுத்துக்கொள்ள என்ன இருந்தது? எழுத்தர் அவர்களை எழுதவில்லை. சுருளில் உள்ள சாவுகளை எண்ணி, ஊரில் இத்தனை பேர்தான் மாண்டார்கள் என்று சொல்வது தப்புக்கணக்கு.

விளைச்சல் விஷயத்தில் ஆவணங்களைக் கூடுதலாக நம்பலாம். வின்செஸ்டர் ஆயரின் பண்ணைக் கணக்குகள் 1208 முதல் கிடைக்கின்றன. விதைத்த கோதுமையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்குதான் அறுவடை. அதில் ஒரு மடங்கு மறுபடி விதைக்கே போய்விடும். பண்ணைக் காரியக்காரர் கணக்கில் கை வைத்திருக்க மாட்டாரா என்றால், வைத்திருப்பார்தான். அதற்காகத்தான் தணிக்கையாளர்கள் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தார்கள். பண்ணைக் கணக்குகளில் அவர்கள் அடித்துத் திருத்திய எண்களையும் காணலாம். எனக்கென்னவோ அந்த அடித்தல்கள்தான் சுவாரசியம்.

அப்புறம், 1381இல் நடந்த குடியானவர் கிளர்ச்சியைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. எசெக்ஸிலும் கென்டிலும் குடியானவர்கள் தேடித் தேடிக் கொளுத்தியது இதே சுருள்களைத்தான். தங்கள் அடிமைக் கடமைகள் அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்பது படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்திருந்தது. கட்டுரையின் அடுத்த பகுதி வருவதானால், சுருள்களே எஞ்சாத ஊர்களைப் பற்றியும் கட்டுரையாளர் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்