ஞாயிற்றுக்கிழமை கொடுத்த படிவம் பற்றி, சபைக் கமிட்டிக்கு

போதகர் ஐயாவுக்கும் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்தீர்கள். ஊர் மக்களின் தேவை அறிய பன்னிரண்டு கேள்வி, டிக் அடித்தால் போதும். நல்ல எண்ணத்தோடுதான் செய்தீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தாள் யார் கைக்குப் போயிற்று? கோயிலுக்கு வந்தவர்கள் கைக்கு, அதிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வந்தவர்கள் கைக்கு. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பையனின் அம்மா, படுத்த படுக்கையாகக் கிடக்கிற தாத்தா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் சபை அல்லாத குடும்பங்கள் எல்லாம் ஊர் மக்கள் இல்லையா?

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்தோம். ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது, போதாததற்கு இது காவிரிப் படுகை, சுற்றிலும் நெல். வாங்கினவர்கள் கும்பிட்டுத்தான் வாங்கினார்கள், யார் முகத்தைச் சுளிப்பார்கள்? அடுத்த வாரமே அதே தெருவில் ஓர் அக்கா குழுக்கடன் தவணை கட்டுவதற்காகக் காதில் கிடந்த தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்தார். அதுவும் என் மனைவி குழாயடியில் கேட்டுவந்து சொன்னதால்தான் எனக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரிய வழியே இல்லை.

இதற்கெல்லாம் வெளியூரிலிருந்து ஆள் வந்து வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பஸ் ஏறினால் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர், ஒரு வாத்தியாரைப் பள்ளிப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அப்புறம் அவரும் உடன் ஊழியரான கிரண்ட்லர் ஐயரும் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, வந்த பதில் கடிதங்களை ஜெர்மன் மொழிக்கு மாற்றி ஜெர்மனியில் இருக்கிற ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்கள். பதில் எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. அவர்கள் சும்மா நல்ல வார்த்தை சொல்லிவிட்டும் போகவில்லை, இங்கே இருந்த ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். தங்களுக்குக் கசப்பான அதையும் சேர்த்துத்தான் ஐயர்மார் இருவரும் அனுப்பிவைத்தார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களால் கேட்க முடிந்ததை நாம் பன்னிரண்டு டிக்குக்குள் அடைக்கப் பார்க்கிறோம்.

போய் உட்கார வேண்டும், ஐயா. அதுவும் வெள்ளை அங்கியோடு, பின்னால் நான்கு மூப்பர் சூழப் போனால் "ஒண்ணும் குறையில்லை ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்றுதான் சொல்வார்கள். பெண்களிடம் பெண்கள் போகட்டும். ‘உங்களுக்கு என்ன தேவை’ என்று கேட்டால், தரப்போகிறார்கள் போலிருக்கிறதே என்று நினைத்து, நாம் தரக்கூடியதாகப் பார்த்து ஒன்றைச் சொல்வார்கள். கடைசியாக எதற்குக் கடன் வாங்கினீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் துணைக்கு யார் வருவது, பிள்ளை சாயங்காலம் எங்கே உட்கார்ந்து படிக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் உண்மை தானாக வரும். அங்கன்வாடி டீச்சர், கிராம நர்ஸ், ரேஷன் கடைக்காரர், நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு எடுக்கிறவர் ஆகிய நான்கு பேரிடம் பேசினாலே ஊரின் பாதிக் கதை கிடைத்துவிடும். கிராம சபை வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது, நம் கமிட்டியிலிருந்து யாரையும் நான் அங்கே பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் சொன்னது பிரசங்கத்தில் உதாரணமாக வரக்கூடாது. சில வருஷத்துக்கு முன்பு நான் ஒரு போதகரிடம் தனியாகச் சொன்ன குடும்ப விஷயம், பெயர் இல்லாமல்தான், மறுவாரம் பிரசங்கத்தில் வந்தது. பெயர் எதற்கு, தெருவே திரும்பி எங்களைப் பார்த்தது. என் மனைவி ஆறு மாதம் கோயில் பக்கம் வரவில்லை.

நடந்து பார்த்தாலே தெரிகிற ஒன்றையும் சொல்கிறேன். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்ததும் காயப்போடக் களம் இல்லாமல் நெல்லை ரோட்டில் கொட்டுகிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், அரசு தளர்த்தினால் ஒழிய, கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், அந்த நேரம் பார்த்து ஒரு மழை பெய்து தொலைக்கும், தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் காவல் இருப்பார்கள், அந்த இருட்டில் பைக்கில் வருகிறவன் நெல்லில் சறுக்கி விழுவான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நம் கோயில் வளாகத்தின் சிமெண்ட் தளம் சும்மா கிடக்கிறது. அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் போடவும் பூசணிக்காய் ஏலம் விடவும்தான் அதைத் திறக்கிறோம், மற்ற நாளெல்லாம் பூட்டு. இந்தத் தேவை எந்தப் படிவத்திலும் வராது, ஏனென்றால் கோயில் தளத்தைக் கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றாது.

என் படிவத்தை நிரப்பாமல் இத்தோடு திருப்பி அனுப்புகிறேன், கோபம் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் சும்மாதான் இருக்கிறேன், கமிட்டியில் யார் வந்தாலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூடவே வருகிறேன். தை பிறப்பதற்குள் அந்தச் சிமெண்ட் தளத்துப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்காரும் சபையார் ஒருவன்